குதிகால் கறுப்பு

காலை ஐந்து நாற்பது. முன்கட்டு சிமெண்ட் தரையில் நான் முதலில் பார்த்தது ஒரு குதிகாலின் பாதி. சிவப்பாக, பிறை வடிவில் இருந்தது. ஓரம் காய்ந்து நடுவில் மட்டும் ஈரம். அதற்கு முன்னால் இன்னொரு சுவடு இருந்த இடத்தைத் துடைத்திருந்தது தெரிந்தது. துணியின் கோடுகள் தரையில் வளைந்து கிடந்தன. அதற்கும் முன்னால் ஒன்று, அதுவும் துடைக்கப்பட்டிருந்தது. கதவின் நிழலில் விழுந்த இந்த ஒன்றை மட்டும் என் கணவர் கவனிக்காமல் விட்டிருந்தார்.

ஐந்து மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் வரும். அவர் மோட்டார் போட கழனிக்குப் போயிருந்தார்.

நான் புதுச்சேரியில் ஒரு நாளிதழில் இருபது வருடங்களுக்கு மேல் துணை ஆசிரியராக இருந்தவள். பாகூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். ஏன் என்று கேட்பதற்கு முன்னால் என்ன என்பதை உறுதி செய்துகொள் என்பது அந்த மேசையில் எனக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம். அதனால் நான் அவருக்குப் போன் செய்யவில்லை. பார்த்தேன். வலது கால். உள்ளேயிருந்து வெளியே போகிற நடை. பின்பக்கம் துவைக்கிற கல்லின் மேல் அவருடைய பழைய பனியன் அலசிப் போடப்பட்டிருந்தது. எடுத்து விரித்தேன். அன்றைய கறை மட்டும் இல்லை. பலமுறை துவைத்தும் போகாமல் பழுப்பேறிய கறைகள் நிறைய இருந்தன. இது முதல் நாள் இல்லை.

ஆறரைக்கு வந்தார்.

“கால்ல இன்னா?”

“ஒண்ணும் இல்ல. வரப்புல ஏதோ ஓடு கிழிச்சிடுச்சி.”

“காட்டுங்க.”

“மொதல்ல காபி போடு.”

“காட்டுங்க.”

நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி மற்ற முழங்கால் மேல் வைத்தார். குதிகால் எப்போதும் போலக் கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கறுப்பின் நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று மேலெழுந்து, தோல் இல்லாமல், ஈரமாக இருந்தது. சுற்றியிருந்த கறுப்புக்கு ஒழுங்கான விளிம்பு இல்லை. ஒரு பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. இன்னொரு பக்கம் காபித்தூள் சிந்தினாற்போலப் பரவி, பாதத்தின் வளைவு வரை வந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் சேற்றில் நிற்கிறவர்களின் குதிகாலை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வெடிப்பு, வெடிப்புக்குள் மண், அதன் மேல் முந்திரிக்கொட்டை எண்ணெய். கடலூர்ப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து பாட்டிலில் வருவது அது. முந்திரிக்கொட்டையின் ஓட்டைச் சுட்டு இறக்குகிற, தார் போன்ற எண்ணெய். கரையான் ஏறாமல் இருக்க மரத்துக்குப் பூசுவார்கள். பித்தவெடிப்புக்கும் அதைத்தான் வைப்பார்கள். பட்ட இடத்தில் தோலைப் பொசுக்கிக் கறுப்பாக்கும். சில நாளில் பொசுங்கிய தோல் தகடு தகடாக உரிந்து விழ, கீழே வெடிப்பு மூடியிருக்கும். டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். நடவுக் காலத்தில் நிற்க முடியாமல் தவிக்கிறவர்கள் கேட்பதில்லை.

அவருக்கு அதை வைத்துவிடுவது நான்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஈர்க்குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, என் விரலில் படாமல் இருக்கக் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, அவர் காலை என் மடியில் வைத்துக்கொள்வேன். டிவி ஓடிக்கொண்டிருக்கும். “அந்தப் பக்கமும் கொஞ்சம் வை” என்பார். வைப்பேன். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் சண்டை நடந்த வாரங்களில்கூட அந்த ஞாயிற்றுக்கிழமை தவறியதில்லை.

அந்த வருடம், நடவு முடிந்த சமயத்தில், அவருக்கு வலது தொடையிடுக்கில் நெறி கட்டியது. காலில் புண் வந்தால் நெறி கட்டும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அது பொய்யான அறிவு இல்லை. காலில் கிருமி புகுந்தால் இடுக்கில் இருக்கிற நிணநீர்க் கணுக்கள் வீங்குகின்றன. உடம்பின் காவல் அணுக்கள் அங்கே கூடிப் பெருகுகின்றன என்று அதற்கு அர்த்தம். விளக்கெண்ணெய் தடவி ஒத்தடம் கொடுத்தால் நாலைந்து நாளில் வடியும், வடியும்வரை வலிக்கும். இந்த நெறி வடியவில்லை. வலிக்கவும் இல்லை. வலிக்காததால் அதை நல்ல நெறி என்று எடுத்துக்கொண்டோம். அவரே தொட்டுத் தொட்டுப் பார்த்து, “கல்லு மாதிரி கீது, ஆனா ஒண்ணும் பண்ணல” என்று சிரித்தார்.

புண்ணைப் பார்த்த அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். கிளம்புவதற்கு முன்னால் அவர் கொல்லைப்பக்கம் போய் யாருக்கோ போன் பேசினார். பாகூர் பஸ் ஸ்டாண்டில் அவருடைய தங்கை காத்திருந்தாள். சோரியாங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஸ்கூட்டரை மெடிக்கல் கடை வாசலில் விட்டுவிட்டு, கையில் ஒயர் கூடையோடு நின்றிருந்தாள்.

“நீ எங்க இங்க?” என்றேன்.

“அண்ணன் போன் பண்ணிச்சி அண்ணி. தொணைக்கு வரேன்.”

துணைக்கு நான் இருக்கும்போது இவள் எதற்கு? அந்தக் கேள்வியை அப்போது கேட்காமல் வைத்துக்கொண்டேன்.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி. தோல் பிரிவில் பார்த்துவிட்டு உடனே புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு சிறு லென்ஸைக் குதிகாலில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இடுக்கைத் தொட்டுப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“இத முதல்ல யார்கிட்ட காட்டினீங்க?”

“யார்கிட்டயும் காட்டல டாக்டர். இப்பதான்” என்றார் அவர்.

நாத்தனார் ஒயர் கூடையின் கைப்பிடியை முறுக்கினாள். விட்டாள். மறுபடி முறுக்கினாள். அவள் கண் டாக்டர் மேல் இல்லை, அண்ணன் மேல் இல்லை, சுவரில் இருந்த காலண்டரில் இருந்தது.

“ஐயா, இதுல எண்ணெய் கறையும் இருக்கு, நோயும் இருக்கு. எது எப்போ வந்ததுன்னு எனக்குத் தெரியணும். மருந்து அத வச்சுதான்.”

“அதான் சொல்றனே…”

“அண்ணா, சொல்லிடு” என்றாள் நாத்தனார்.

அவர் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள். நடவுக்கு முன்னாலேயே, கறுப்பு உரியாமல் இருக்கிறது என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்கிறது. என்னிடம் உரக்கடைக்கு என்று சொல்லிவிட்டுத் தங்கையோடு கடலூரில் ஒரு தோல் டாக்டரிடம் போயிருக்கிறார். அந்த டாக்டர் பார்த்த உடனே, இது எண்ணெய்க் கறை இல்லை, ஒரு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், புற்றாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லியிருக்கிறார். இவர் சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறார். திரும்பிப் போகவில்லை.

“ஏன் போகல?” என்று டாக்டர் கேட்டார்.

“கத்தி பட்டா பரவிடும்னு சொன்னாங்க” என்றார் அவர். யார் சொன்னார்கள் என்று டாக்டர் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதை எல்லாரும் சொல்வார்கள்.

நான் மனதுக்குள் காலத்தை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அது பழக்கம். கடலூர் போனது நடவுக்கு முன்னால். நெறி கட்டியது நடவுக்குப் பின்னால். எண்ணெய் வைத்தது முன்னாலும் பின்னாலும். போன ஞாயிற்றுக்கிழமைகூட; அப்போது நடுவில் தெரிந்த மேட்டைப் பொசுங்கிய தோலின் தகடு என்று நினைத்திருந்தேன். அப்படியானால் அவருக்குத் தெரிந்த பிறகும் நான் வைத்திருக்கிறேன். “அந்தப் பக்கமும் கொஞ்சம் வை” என்று அவர் கேட்டது வெடிப்புக்காக இல்லை. கறுப்புக்கு மேல் கறுப்பு பூசிக்கொள்ள. நோயின் நிறம் எண்ணெயின் நிறம்போலத் தெரியவேண்டும் என்பதற்காக. அதை என் கையாலேயே பூசவைத்திருக்கிறார்.

திரும்பும்போது பஸ்ஸில் பெண்கள் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தவளக்குப்பம் தாண்டியதும் சொன்னாள்.

“அண்ணி, எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு.”

“எது மேல?”

அவள் கூடைக்குள் எதையோ தேடினாள்.

“எது மேல சத்தியம் வாங்கனாரு?”

“உங்க மேலதான் அண்ணி.”

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். அவர் கூடத்தில், காலில் வெள்ளைக் கட்டோடு, செய்தி சேனலைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் நின்றேன்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ ஆஸ்பத்திரிக்கு இட்டும் போயிருப்ப.”

“ஆமா.”

“வெட்டியிருப்பாங்க.”

“ஆமா.”

“அதான்.”

“அதுக்கு என் கையால எண்ணெய் வெச்சிக்கணுமா?”

டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ கேள்வி கேக்கறவ. ஒண்ணு கேட்டா அதுக்குள்ள இருந்து இன்னொண்ணு கேப்ப. எண்ணெய் வெக்கும்போது மட்டும் கேக்க மாட்ட. அந்நேரம் நீ வேற ஆளு.”

அவர் சொன்னதில் தவறு ஏதும் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. சாதம் குழைந்துவிட்டது. இருவரும் சாப்பிட்டோம்.

துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். மெலனோமா. தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களில் தொடங்குகிற புற்று. வெள்ளைக்காரர்களுக்கு வெயில் படுகிற தோலில் வரும். நம் பக்கத்தில் வருவது அரிது, வந்தால் வெயிலே படாத உள்ளங்காலில் வருவதுதான் அதிகம் என்றார் டாக்டர். நான் பத்திரிகையில் மருத்துவப் பக்கம் பார்த்திருக்கிறேன். புற்றுநோயின் அறிகுறிகள் என்று வருடாவருடம் ஒரு கட்டம் போடுவோம். மார்பகம், வாய், கருப்பை, குடல் எல்லாம் அதில் இருக்கும். உள்ளங்கால் ஒருமுறையும் வந்ததாக நினைவில்லை.

இடுக்கில் இருந்த நெறியிலும் அதே செல்கள் இருந்தன. குதிகாலின் ஒரு பகுதியையும் இடுக்கில் இருந்த கணுக்களையும் அறுவைசிகிச்சையில் எடுத்தார்கள். ஸ்கேனில் வலது நுரையீரலில் சில புள்ளிகள் தெரிந்தன.

அறுவைசிகிச்சைக்குப் பிறகு ஒரு நாள், புள்ளிகளைப் பற்றிச் சொல்ல டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்தார். நான் கேட்டேன்: “டாக்டர், சேத்துல ஒரு முள்ளு குத்தினாலே உடம்பு வீங்கி, சீழ் வச்சு, காய்ச்சல் கொடுக்குது. இது இத்தன நாளா உள்ள இருந்திருக்கு. ஒரு காய்ச்சல் வரல. உடம்புக்கு எப்படித் தெரியாமப் போச்சு?”

டாக்டர் அவரைப் பார்த்துத் திரும்பினார். “ஐயா, நீங்க பாகூர்தானே? கடலூர் போகும்போது எல்லையில செக்போஸ்ட் இருக்குமே. உங்க வண்டிய நிறுத்துவாங்களா?”

“என்னை இன்னாத்துக்கு நிறுத்தறாங்க? மூஞ்சி தெரியும். கை காட்டுவேன், போன்னுடுவாங்க.”

“இதுவும் அப்படித்தான் போச்சு.”

“அப்ப இவன் லோக்கல் ஆளா?” என்றார் அவர். நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரும் சிரித்தார்.

“ஆமா ஐயா. முள்ளு, கிருமி எல்லாம் வெளியூர்க்காரங்க. பார்த்ததும் பிடிச்சிடுவாங்க. இவன் உங்க உடம்புலயே பொறந்தவன். உங்க தோலோட சொந்தக்காரன்.”

பிறகு பொறுமையாகச் சொன்னார். நான் குறிப்பெடுக்கவில்லை. ஆனாலும் வரிசை மறக்கவில்லை. நம் உடம்பின் செல்கள் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு சிறு மாதிரியைத் தங்கள் மேல்பரப்பில் நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. ரத்தத்தில் ரோந்து சுற்றுகிற வெள்ளணுக்கள் அந்த மாதிரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்கின்றன. மாதிரி கெட்டுப்போயிருந்தால் அந்தச் செல்லைக் கொன்றுவிடும். எத்தனையோ புற்றுச் செல்கள் இப்படித்தான் வந்த உடனே, நமக்குத் தெரியாமலே, செத்துப்போகின்றன. தப்பிப் பிழைப்பது ஏமாற்றத் தெரிந்த செல்.

காவல் அணுக்கள் சொந்த வீட்டையே இடித்துவிடக்கூடாது என்பதற்காக, அவற்றின் மேல் ஸ்விட்ச் போல ஒரு விசை இருக்கிறது. நல்ல செல் அந்த விசையைத் தொட்டால் காவல் அணு கையை இறக்கிவிடும். அது உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்துக்கொண்ட ஏற்பாடு. புற்றுச் செல் அதைக் கற்றுக்கொள்கிறது. காவல் அணு பக்கத்தில் வந்ததும் எதிர்த்துச் சண்டை போடுவதில்லை, ஓடுவதில்லை. விசையைத் தொடுகிறது. காவல் அணு தூங்கவில்லை, சாகவில்லை. பக்கத்திலேயே நிற்கிறது. கை மட்டும் எழவில்லை.

நான் அவரைப் பார்த்தேன். அவர் டாக்டரைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். என் விசை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காலைத் தூக்கி மடியில் வைத்தால் போதும்.

“அப்புறம் அது எப்படி டாக்டர் நெஞ்சுக்குப் போச்சு? கால்ல கெடந்தது?” என்று நாத்தனார் கேட்டாள்.

செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக இருப்பவை. புற்றுச் செல் அக்கம்பக்கத்தோடு இருந்த ஒட்டை விட்டுவிடுகிறது. தனக்குக் கீழே இருக்கிற மெல்லிய தரையைக் கரைத்து இறங்குகிறது. அங்கே நிணநீர் ஓடுகிற வாய்க்கால்கள் உண்டு. அதில் விழுந்து இடுக்கில் இருக்கிற கணுவுக்குப் போகிறது.

“கால்ல இருந்து மேல போவுதா? அப்ப கடமடையில இருந்து தலமடைக்குப் போவுற தண்ணி” என்றார் அவர். “தலகீழ் வாய்க்கா.” பாகூர் ஏரித் தண்ணீரில் பயிர் செய்கிற மனிதர். மதகிலிருந்து கடைசி வயல் வரை தண்ணீர் எப்படிப் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

“சரியா சொன்னீங்க. அந்தக் கணுதான் காவல்காரங்க கூடுற இடம். இது நேரா அங்கேயே போய்க் குடியேறிடுச்சு.”

அங்கேயே தங்கி, அங்கிருக்கிற காவல் அணுக்களையும் பழக்கிவிட்டு, ரத்தத்தில் இறங்குகிறது. ரத்த ஓட்டத்தில் பெரும்பாலான செல்கள் செத்துவிடும். சில செல்கள் ரத்தத் தட்டணுக்களைத் தங்கள் மேல் போர்த்திக்கொண்டு போகும். பார்க்கிற காவல் அணுவுக்குத் தட்டணுதான் தெரியும். நுரையீரலின் மெல்லிய குழாய்களில் போய் மாட்டிக்கொண்டு, அங்கே இறங்கி, சில சமயம் மாதக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்.

“நெறி கட்டியிருந்ததே, அது காவல் கூடினதுனாலனு நெனச்சோம்” என்றேன்.

“காவல் கூடியிருந்தா வலிச்சிருக்கும்மா.”

அவர் குனிந்து கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். “கத்தி பட்டுதான் பரவுச்சா டாக்டர்?”

“இல்ல ஐயா. கத்தி வர்றதுக்கு முன்னாடியே அது போயிடுச்சு. முதல்ல உங்களப் பார்த்த டாக்டர் சொன்ன அன்னிக்கு எடுத்திருந்தா, நெறி வர்றதுக்கு முன்னாடி எடுத்திருக்கலாம்.”

டாக்டர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். நாத்தனார் அழ ஆரம்பித்தாள். நான் அவள் முதுகில் கை வைக்கவில்லை.

அதன் பிறகு கொடுத்தது கீமோ இல்லை. செல்லைக் கொல்கிற மருந்தே இல்லை. காவல் அணுவின் விசையை மூடிவைக்கிற மருந்து. புற்றுச் செல் தொட வரும்போது தொடுவதற்கு விசை கிடைக்காது. காவல் அணுவின் கை மறுபடி எழும். சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றுவார்கள். தொடங்குவதற்கு முன்பே டாக்டர் எச்சரித்தார். எல்லாருக்கும் இது கேட்காது. உள்ளங்காலில் வருகிற வகை மற்றவற்றைவிட முரடு. சில செல்கள் விசையைத் தொடமுடியாமல் போனால் வேறு வழி பார்க்கும். மாதிரியை நீட்டுவதையே நிறுத்திவிடும். தொட்டுப் பார்க்க எதுவும் இல்லாவிட்டால் காவல் அணு விழித்திருந்தும் பிரயோஜனம் இல்லை.

“மொகத்த மூடிக்குமா?” என்றார் அவர்.

“அப்படித்தான்.”

மருந்து ஏறுகிற நாட்களில் அவரும் நானும் மட்டும் போனோம். நாத்தனாரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் இரண்டு முறை போன் செய்தாள். எடுத்தேன். “ம்” என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

அவர் மாறிப்போனார். காலையில் எழுந்ததும் கூடத்துக்கு வந்து நிற்பார். “பாத்துக்க” என்று காலைக் காட்டுவார். பிறகு இடுக்கு, பிறகு அக்குள், முதுகு. நாக்கை நீட்டுவார். பல் துலக்குகிறேன், இருங்கள் என்றால் காத்திருப்பார். இருமினால் எதனால் இருமினேன் என்று விளக்கம் சொல்வார். கழனிக்குப் போகும்போது முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். “தீயணைப்பு நிலையத்துல சேந்துட்டியாப்பா?” என்று பக்கத்துக் கழனிக்காரர் கேட்டாராம். அதையும் வந்து சொன்னார். எதையும் விடாமல் சொன்னார்.

நான் பார்த்தேன். விளக்கைப் போட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஆனால் அவர் காட்டியதால் நம்பவில்லை. ஒரு முறை பொய் சொன்ன அதிகாரி அடுத்த முறை எல்லாவற்றையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னால், செய்தியாளர் இன்னும் கவனமாகத்தான் இருப்பார். அவர் தூங்கும்போது போர்வையை விலக்கி நானே ஒரு முறை பார்ப்பேன். அது அவருக்குத் தெரியும். தூங்குவதுபோலவே படுத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவர் அந்த நேரத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பார். எண்ணெய்ப் பாட்டிலை நான் தூக்கி எறியவில்லை. கொல்லையில் வேலிப் படலுக்குப் பூசிக் காலி செய்தேன்.

சில மாதங்கள் கழித்து அவர் வலது கை விரல் முட்டிகளில் வெள்ளையாகப் புள்ளிகள் வந்தன. பிறகு உதட்டோரம், பிறகு கண்ணிமை. அவரே காட்டினார். மருந்து நாள் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

“விழிச்ச காவல்காரங்க நிறம் கொடுக்கிற செல்லத் தேடிப் பிடிக்கிறாங்க. புற்று அந்தச் செல்லுல இருந்து வந்தது இல்லையா? நல்ல நிறச் செல்லும் சேர்ந்து அடிபடுது. இந்த மருந்து எடுக்கிறவங்கள்ல வெள்ளை வந்தா நமக்குக் கொஞ்சம் சந்தோஷம். கேரண்டி இல்லம்மா. ஆனா சந்தோஷம்.”

ஊரில் அதற்கு வெண்குஷ்டம் என்று பேர். குதிகாலில் அத்தனை நாள் இருந்த கறுப்பை ஒருவரும் பார்த்ததில்லை. கையில் வந்த வெள்ளையை எல்லாரும் பார்த்தார்கள். கோயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து தூண் பக்கம் போய் உட்கார்ந்தார். எதிர்வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

“இன்னாக்கா, வூட்டுக்காரருக்கு வெள்ள போடுது போல. தொத்துமா அது?”

“தொத்தாது. மருந்தால வந்தது.”

“மருந்தால வருமா அது? எந்த ஆஸ்பத்திரிக்கா? எங்க மாமாவ அங்க இட்டும் போவாம இருக்கலாம்னு கேட்டேன்.”

டீக்கடையில் அவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் கொடுக்கிறார்கள் என்று அவர் வந்து சொன்னார். “பரவால்ல, சூடு ஆறாம கீது” என்றார். அங்கே அவர் முப்பது வருடமாக டீ குடிக்கிறார். நான் வெளியே போய், காய்ந்துகொண்டிருந்த துணிகளை, காயாதவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

ஆனால் எனக்கு அந்த வெள்ளை பிடித்துவிட்டது. அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. காலையில் அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, நேற்றைவிடப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பேன். பரவியிருந்தால் அன்று எனக்கு வேலை ஓடும். அவர் வாயால் சொல்கிறவற்றை எல்லாம் நான் தட்டிப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டேன். உடம்பே எழுதிக் காட்டியதை அப்படித் தட்டிப் பார்க்கவில்லை.

“என்னைவிட என் தேமலதான் நீ நம்பற” என்றார் ஒரு நாள்.

“ஆமா” என்றேன்.

சிரித்தார். சிரிக்கும்போது உதட்டோரத்து வெள்ளை அகலமானது. “அதுவாவது உங்கிட்ட நல்ல பேர் வாங்கட்டும்.”

அறுவடை முடிந்த வாரத்தில் அடுத்த ஸ்கேன் எடுத்தார்கள். அறிக்கை வாங்க இருவரும் போனோம். கவுண்ட்டரில் அவர் பேரைக் கூப்பிட்டார்கள். அவர்தான் போய் உறையை வாங்கினார். நான் தூரத்திலிருந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிக்கவில்லை. பூட்ஸ் போட்டுப் பழகியதில் கொஞ்சம் சாய்ந்த நடையோடு, கூட்டத்துக்குள் வழி விட்டு விட்டு, என்னிடம் வந்து நீட்டினார்.

“நீயே படி.”

நடைபாதையில், தண்ணீர்க் குழாய் பக்கத்தில், ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி நின்று பிரித்தேன். அறிக்கைகளில் முடிவு கீழே இருக்கும். நேராக அங்கே போனேன். இரண்டு வரிகள். ஒரு முறை படித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா போட்டிருக்கு?”

மேலே இருந்த வரியில் நல்ல சேதி இருந்தது. அதை மட்டும் சொன்னால் டாக்டர் அறைக்குப் போகிற வரையாவது அவர் சும்மா இருப்பார். பெஞ்சில் உட்காருவார். எதிரில் இருக்கிற கேன்டீனில் டீ வாங்கி, கண்ணாடி கிளாஸில் குடிப்பார். நான் தாளை மடித்தேன். மறுபடி விரித்தேன்.

“படியேன். இன்னா?”

நுரையீரலில் இருந்த புள்ளிகள் சுருங்கியிருந்தன. கல்லீரலில் புதிதாக ஒன்று வந்திருந்தது. இரண்டு வரியையும் படித்துக் காட்டினேன்.